அரசு கம்பெனி எம்.டி. பாதியில் விலகியபோது கொடுத்த தொகை: ஆர்டிஐ மனு மறுக்கப்பட்டால் அடுத்து என்ன?

பொதுக்கணக்கு:
வணக்கம். மாநில அரசிடம் முழுப் பங்கும் உள்ள ஒரு கம்பெனி. ஐஏஎஸ் அதிகாரி அல்லாத ஒருவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மேலாண்மை இயக்குநராக நியமித்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டிலேயே அவர் வெளியேறிவிட்டார். "அவருக்கு எவ்வளவு பணம் கொடுத்து அனுப்பினீர்கள், ஏன் கொடுத்தீர்கள்?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, "தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-இன்படி மறுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் பதில். மேல்முறையீட்டுக்குக் கெடு இன்னும் முடியவில்லை. மேல்முறையீடு செய்வதா, புது மனு போடுவதா? எந்த ஆவணத்தை எந்தப் பெயரில் கேட்டால் வரும்?

கோப்பு எண்:
இரண்டையும் செய்யுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

முதலில் உங்கள் மனுவின் கோளாறு. "ஏன் கொடுத்தீர்கள்" என்பது இந்தச் சட்டத்தில் செல்லாத கேள்வி. கையில் உள்ள பதிவேட்டைத்தான் பொதுத் தகவல் அலுவலர் தர வேண்டும். விளக்கமோ கருத்தோ புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த "ஏன்" கோப்பின் குறிப்புப் பகுதியில் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். "அவருக்கு எவ்வளவு" என்று ஆளை முன்னிறுத்தியதும் தவறு. அப்படிக் கேட்டாலே 8(1)(ஜே)-ஐக் காட்டி மறுக்க வாசல் திறந்துவிடுகிறது.

அந்தப் பிரிவு இப்போது பழையபடி இல்லை என்பதையும் கவனியுங்கள். முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தகவல் அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தகவல் என்றால்தான் மறுக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் பிரிவு 44(3) 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் அந்த வரம்புகள் போய்விட்டன. "தனிநபர் தகவல்" என்ற சொல் மட்டுமே மிச்சம். இணையத்தில் சுற்றும் பழைய மாதிரி மனுக்களை அப்படியே நகலெடுக்காதீர்கள். பல அந்தப் பழைய வாசகத்தை நம்பி எழுதியவை.

திருத்தம் தொடாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பிரிவு 4(1)(பி)(10). ஒவ்வொரு அலுவலரும் பெறும் மாத ஊதியத்தையும், விதிமுறைகளில் உள்ள இழப்பீட்டு முறையையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. மற்றொன்று 8(2). காக்கப்படும் நலனுக்கு வரும் கேட்டைவிடப் பொதுநலன் பெரிது என்றால், 8(1)-இல் எந்த விலக்கு இருந்தாலும் தகவலைத் தரலாம். இந்த அதிகாரத்தைச் சட்டம் பொது அதிகார அமைப்புக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே "8(2)-இன்படி நிறுவனத் தலைமையின் முடிவுக்கு வைத்து, காரணத்தோடு எழுத்துமூலம் தெரிவிக்கவும்" என்று மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாத மனுவில் 8(2)-ஐ யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

புது மனுவில், நியமன ஆணையிலும் ஒப்பந்தத்திலும் நோட்டீஸ் காலம், பணி முடிப்பு, இழப்பீடு பற்றிய ஷரத்துகள் உள்ள பக்கங்களை மட்டும் கேளுங்கள். அடுத்து, விலகலை ஏற்றுத் தொகைக்கு ஒப்புதல் தந்த இயக்குநர் குழுத் தீர்மானமும் அதற்கான அஜெண்டா குறிப்பும். பிறகு இறுதிக் கணக்குத் தீர்வுத் தாள். இதில் நோட்டீஸ் கால ஊதியம், ஈட்டிய விடுப்புப் பணம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, கருணைத் தொகை அல்லது பதவி இழப்பு இழப்பீடு என ஒவ்வொரு இனத்துக்கும் தனித் தொகை வேண்டும் என்று எழுதுங்கள். வைப்பு நிதியும் பணிக்கொடையும் அவர் ஈட்டிய உரிமை. அவற்றை மறைத்தால்கூட விட்டுவிடலாம். குழு தன் விருப்பப்படி கொடுத்த தொகைதான் பொதுமக்கள் பார்க்க வேண்டியது. எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக மறுத்துவிடுவார்கள்.

பான் எண், வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி ஆகியவற்றைக் கறுப்பு மையிட்டு மறைத்துத் தரலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஒரு பகுதி விலக்குக்கு உட்பட்டாலும் மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10-ஐயும் குறிப்பிடுங்கள். விலகல் கடிதத்தில் உடல்நலக் காரணம் இருந்தால் அந்த வரிகளுக்கும் இதே ஏற்பாடு.

இதே மனுவை மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: கம்பெனி, அதன் நிர்வாகத் துறை (தலைமைச் செயலகம்), நிதித்துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் பிரிவு. கம்பெனி மறைக்கும் கடிதத்தின் நகல் செயலகக் கோப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும்.

பேரேடு:
ஆர்டிஐ பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கம்பெனிச் சட்டப்படி தாக்கலான ஆவணங்களைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். மூன்றை எடுங்கள்.

முதலாவது டிஐஆர்-12 படிவம். இயக்குநர் மாறினால் 30 நாளுக்குள் தாக்கல் செய்வது. பதவி முடிந்த தேதியும் காரணமும் அதில் இருக்கும். உங்கள் விஷயத்துக்கு உயிர்நாடி இந்தத் தாள்தான். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 202-ஐப் படியுங்கள். மேலாண்மை இயக்குநருக்குப் பதவி இழப்புக்காக இழப்பீடு தரலாம். ஆனால் அவராகவே ராஜினாமா செய்தால் (கம்பெனி மறுசீரமைப்பு, இணைப்பு காரணமாக விலகுவது வேறு) அந்த இழப்பீடு தரக் கூடாது. மோசடி, நம்பிக்கை மோசம், பெரும் கவனக்குறைவு என்றாலும் கிடையாது. தரும்போதும் உச்சவரம்பு உண்டு: மீதியுள்ள பதவிக்காலம் அல்லது மூன்றாண்டு, இரண்டில் எது குறைவோ அதற்கான ஊதியம், கடைசி மூன்றாண்டு (பதவியில் இருந்தது அதைவிடக் குறைவு என்றால் அந்தக் காலம்) பெற்ற ஊதியத்தின் சராசரிதான் அடிப்படை. உங்கள் ஆளுக்கு இரண்டாண்டுக்கு மேல் மீதி என்றால் அந்த மீதிக்காலம்தான் கணக்கு.

ஆக, டிஐஆர்-12-இல் "ராஜினாமா" என்று எழுதிவிட்டு, தீர்வுத் தாளில் பதவி இழப்பு இழப்பீடு என்று ஒரு இனம் இருந்தால், அது ஒருவரின் சொந்த விவகாரம் அல்ல. சட்டம் தடுத்த செலவா என்ற கேள்வி. 8(2)-க்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டாம். "கருணைத் தொகை" என்று பெயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அதனால்தான் இனவாரியாகக் கேட்கச் சொன்னார், மேலே "கோப்பு எண்" என்ற பெயரில் எழுதியவர். நோட்டீஸ் கால ஊதியம், விடுப்புப் பணம் எல்லாம் இந்தத் தடையில் வராது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது எம்ஜிடி-7, ஆண்டு விவர அறிக்கை. இயக்குநர்கள், முக்கிய நிர்வாகிகளின் ஊதிய விவரம் அதில் உண்டு. மூன்றாவது, தணிக்கையான நிதிநிலை அறிக்கையின் குறிப்புகள். இந்தியக் கணக்கியல் தரநிலை 24-ஐப் பின்பற்றும் கம்பெனி என்றால், முக்கிய நிர்வாகிகளுக்குத் தந்த பணத்தைக் குறுகிய காலப் பலன், ஓய்வுகாலப் பலன், பணி முடிப்புப் பலன் எனப் பிரித்துக் காட்ட வேண்டும். பெயர் இருக்காது, எல்லோருக்கும் சேர்த்த தொகைதான். ஆனால் அந்த ஆண்டில் விலகியவர் ஒருவரே என்றால் பணி முடிப்புப் பலன் வரியே உங்கள் விடை. அந்த வரி வெறுமையாக இருந்து, பணம் போனது உறுதி என்றால், எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்று கேட்க இன்னொரு மனு.

பொதுக்கணக்கு:
மிக்க நன்றி இருவருக்கும். டிஐஆர்-12-இல் ராஜினாமா என்றுதான் இருக்கிறது. ஒரு சந்தேகம்: அவருக்கும் கம்பெனிக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் உண்டு, அவர் ஆட்சேபிக்கிறார் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் கதவு மூடிவிட்டதா?

கோப்பு எண்:
இல்லை. பிரிவு 22-இன்படி, வேறு சட்டத்தின் பலத்தில் நிற்கும் எந்த ஆவணத்தின் முரண்பட்ட ஷரத்தையும் இந்தச் சட்டம் மீறி நிற்கும். பொதுப்பணத்தில் போட்ட ஒப்பந்தத்துக்குள் இரு தரப்பும் ரகசியம் என்று எழுதிக்கொண்டால் சட்டம் ஓய்ந்துவிடாது.

மூன்றாம் தரப்பு ஆட்சேபம் என்றால் பிரிவு 11-இன் நடைமுறை நடந்திருக்க வேண்டும். மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு எழுத்துமூல நோட்டீஸ், அவர் பதில் சொல்ல 10 நாள், மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. ஆட்சேபத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நோட்டீஸ் நகலையும் அவர் பதிலையும் மேல்முறையீட்டில் காட்டச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதையும் எழுதாதீர்கள்.

தாலுகா ஆபீஸ்:
காலக்கெடு பற்றி யாரும் சொல்லவில்லை, அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கடிதம் வந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள், தபால் முத்திரைதான் சாட்சி. மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 வரை. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

முதல் மேல்முறையீட்டில் மூன்று குறைகளைத் தனித்தனிப் பத்தியாக வையுங்கள்: மறுப்புக்குக் காரணம் எழுதவில்லை (மறுப்பு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி அலுவலருடையது), 8(2) பரிசீலிக்கப்படவில்லை, பிரிவு 10-இன்படி பிரித்துத் தரவில்லை. புது மனுவில் கேட்ட கூடுதல் ஆவணங்களை இதில் சேர்க்காதீர்கள். முதல் மனுவில் இல்லாததை மேல்முறையீட்டில் கேட்டால் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். டிஐஆர்-12 நகலை மட்டும் இணைத்து, "ராஜினாமா" என்ற இடத்தில் அடிக்கோடிட்டு, பிரிவு 202-ஐ ஒரே வரியில் குறிப்பிடுங்கள்.