"யெஸ்" பட்டன் அமுங்கவே மாட்டேங்குது: அட்மின் உரிமை திரும்பக் கிடைக்குமா?

ஜெலுத்தோங் முறுக்கு அக்கா:
வணக்கம். வீட்டிலிருந்தே தீபாவளிக்கு முறுக்கு, நெய்யுருண்டை ஆர்டர் எடுக்கிறேன். பாக்கெட்டில் ஒட்ட லேபிள் பிரிண்டர் வாங்கினேன். அதை இயக்குற மென்பொருளை (டிரைவர்) போடப் போனா திரை இருட்டாகி, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வர்டு கேட்டு ஒரு பெட்டி வருது. பாஸ்வர்டு அடிக்க இடமே இல்லை! "யெஸ்" மங்கிக் கிடக்கு, "நோ" மட்டும்தான் அமுங்குது. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11.

செட் பண்ணிக் கொடுத்தது அண்ணன் மகன். மெல்பர்னுக்குப் படிக்கப் போகுமுன்னே தன் அக்கவுண்டை அழிச்சிட்டு, "அத்தை, உங்களுக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் போதும், வைரஸ் தொல்லை இருக்காது"ன்னு சொல்லிட்டுப் போனான். பினாங்கு கொம்தார் பக்கம் ஒரு கடையில் கேட்டா, எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்றதுதான் வழியாம். வாடிக்கையாளர் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கு. வேற வழியே இல்லையா?

பிறை தம்பி:
ஃபார்மட் வேண்டாம்க்கா. "யெஸ்" மங்கியிருந்தா, அந்த மெஷினில் இயங்குற அட்மின் அக்கவுண்ட் ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். விண்டோஸோடு வர்ற "அட்மினிஸ்ட்ரேட்டர்" அக்கவுண்ட் விஸ்டா காலத்திலிருந்தே மூடித்தான் இருக்கும். வேற அட்மின் இல்லாதப்போ சேஃப் மோடில் (பழுது பார்க்க, அவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸைத் திறக்கிற முறை) அது தலைகாட்டும்.

முதல்ல கணக்கையெல்லாம் பென்டிரைவில் காப்பி எடுங்க, உங்க ஃபைலுக்கு அட்மின் தேவையில்லை. அப்புறம் லாகின் திரையில் ஷிப்ட்டை அமுக்கிப் பிடிச்சபடி ரீஸ்டார்ட். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், பிறகு சேஃப் மோடுக்கு 4-ஐ அமுக்குங்க. அட்மினிஸ்ட்ரேட்டர் வந்தா உள்ளே போய், கண்ட்ரோல் பேனலில் உங்க அக்கவுண்டை அட்மினா மாத்துங்க.

பழைய டெக்னீஷியன், கிள்ளான்:
நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) நீலத்திரை வந்து, பூட்டைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் கேட்டாலும் கேட்கும். பயப்படாதீங்க. முதல்ல செட் பண்ணவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது சேமிப்பில் இருக்கும். அக்கவுண்டை மெஷினிலிருந்து அழிச்சாலும் சாவி ஆன்லைனில் இருக்கும். யூடியூப் பார்த்து எதையாவது டவுன்லோடு பண்ணி பாஸ்வர்டு உடைக்க மட்டும் போயிடாதீங்க. பாதி வைரஸ் அப்படித்தான் வருது.

ஜெலுத்தோங் முறுக்கு அக்கா:
அண்ணே, சொன்னபடியே நீலத்திரை வந்திருச்சு! மருமகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி நம்பர் வாங்கினேன். ஒவ்வொரு எண்ணா வாசிக்க வச்சு அடிச்சேன். சேஃப் மோடில் அட்மினிஸ்ட்ரேட்டர் இருந்துச்சு, பாஸ்வர்டே கேட்கலை. லேபிள் ஓடுது, தம்பிக்கும் நன்றி.

பிறை தம்பி:
சந்தோஷம்க்கா. இன்னொரு வேலை பாக்கி. தனியா ஒரு அட்மின் அக்கவுண்ட் திறந்து, பாஸ்வர்டை ஆர்டர் புத்தகத்தில் எழுதி வைங்க. உங்க அக்கவுண்டைத் திரும்ப ஸ்டாண்டர்டாக்குங்க. மருமகன் சொன்னதில் அது சரிதான்.