எல்லைக் கணக்கில் வெட்டுவதா, வகையிடுவதா?

முறிகண்டித் தம்பி:
உயர்தர இணைந்த கணிதம். போனில் தமிழில் அடிப்பதால் மாறியை எக்ஸ் என்றே எழுதுகிறேன். எக்ஸ் 2 ஐ நெருங்கும்போது (எக்ஸ்³ − 8)/(எக்ஸ்² − 4) இன் எல்லை கேட்கப்பட்டது. நேரே 2 ஐப் போட்டால் 0/0. ரியூசன் சேர் காரணிப்படுத்தி, மேலும் கீழும் இருந்த (எக்ஸ் − 2) ஐ வெட்டி 3 என்றார். நான் லோப்பித்தால் விதிப்படி மேலேயும் கீழேயும் தனித்தனியே வகையிட்டேன்: 3எக்ஸ்²/2எக்ஸ், 12/4, அதே 3. பிறகு எதற்குக் காரணிப்படுத்தல்? அத்துடன் (எக்ஸ் − 2) பூச்சியம் என்றால் அதை வெட்டுவதே பிழையல்லவா?

மாங்குளம் அக்கா:
தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. எக்ஸ் 2 ஐ நெருங்குகிறது, 2 ஆகவில்லை. 1.99 ஐப் போடுங்கள், 2.9925 வரும். 2.01 ஐப் போடுங்கள், 3.0075 வரும். அங்கெல்லாம் (எக்ஸ் − 2) பூச்சியம் இல்லை, தாராளமாக வெட்டலாம். மிஞ்சுவது (எக்ஸ்² + 2எக்ஸ் + 4)/(எக்ஸ் + 2). இதில் 2 ஐப் போட எந்தத் தடையும் இல்லை.

இரணைமடுக் குளக்கட்டில் ஒரு முழம் உடைந்திருக்கிறது என்று வையுங்கள். இந்தப் பக்கத்தால் வருபவரும் அந்தப் பக்கத்தால் வருபவரும் உடைப்பின் ஓரத்தில் ஒரே உயரத்தில் நிற்பார்கள். அந்த உயரம்தான் எல்லை. உடைப்புக்குள் மண் இருக்கிறதா என்று எல்லை கேட்பதில்லை.

கனகராயன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் 1696 இலேயே அச்சேறிய லோப்பித்தால் விதியைப் பிள்ளைகளிடம் ஏன் மறைக்க வேண்டும்? மூன்று மணித்தியாலப் பேப்பரில் நேரம்தான் பெரிது. எக்ஸ் 2 ஐ நெருங்க, (√(எக்ஸ் + 7) − 3)/(எக்ஸ் − 2). இதில் காரணி எங்கே தெரிகிறது? வகையிட்டால் ஒரே வரியில் 1/6.

மாங்குளம் அக்கா:
தெரியும் அண்ணை. மேலும் கீழும் √(எக்ஸ் + 7) + 3 ஆல் பெருக்குங்கள். மேலே எக்ஸ் + 7 − 9, அதாவது எக்ஸ் − 2. ஒளிந்திருந்த காரணி வெளியே வந்துவிட்டது. வெட்டினால் 1/(3 + 3).

எக்ஸ்³ இன் பெறுதி, அதாவது வகையிட்டால் வருவது, 3எக்ஸ்² என்று எப்படித் தெரியும்? (எக்ஸ்ⁿ − அⁿ)/(எக்ஸ் − அ) இன் எல்லை n என்ற அடுக்கை முன்னால் கொண்டுவரும் என்ற தேற்றத்தால்தான். அதை நிறுவுவதே காரணிப்படுத்தி வெட்டித்தான். அந்தக் கணக்கையே வகையிட்டுச் செய்தால், நிறுவ வேண்டியதை வைத்தே நிறுவுகிறோம்.

போன கிழமை ஒரு பிள்ளையின் கொப்பியில் கண்டேன்: எக்ஸ் 1 ஐ நெருங்க (எக்ஸ்² + 1)/(எக்ஸ் + 1). போட்டாலே 2/2, விடை 1. பிள்ளை வகையிட்டு 2 என்று எழுதியிருந்தது. 0/0 வருகிறதா என்று பார்க்கவே இல்லை. மனம் நொந்துபோனது.

கனகராயன்:
அது விதியின் பிழையல்ல, பார்க்காமல் போட்டதன் பிழை. தேற்றத்தை நிறுவும் இடத்தில் வகையிடக் கூடாது என்பதை ஏற்கிறேன். விடையைச் சரிபார்க்க விதி வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

முறிகண்டித் தம்பி:
இரண்டையும் செய்து பார்த்தேன். எக்ஸ் 1 ஐ நெருங்க, (எக்ஸ்³ − 3எக்ஸ் + 2)/(எக்ஸ்³ − எக்ஸ்² − எக்ஸ் + 1). ஒருமுறை வகையிட்டும் 0/0. இன்னொரு முறை வகையிட 6/4. காரணிப்படுத்தினால் மேலே (எக்ஸ் − 1)²(எக்ஸ் + 2), கீழே (எக்ஸ் − 1)²(எக்ஸ் + 1). 3/2. (எக்ஸ் − 1) இரண்டு தடவை இருப்பதால்தான் இரண்டு தடவை வகையிட வேண்டி வந்தது என்று இப்போதுதான் விளங்கியது. மேலே ஒரு (எக்ஸ் − 1) மட்டும் இருந்திருந்தால்?

மாங்குளம் அக்கா:
ஒன்றை வெட்டியதும் கீழே ஒன்று மிஞ்சும். 1 க்கு வலப்பக்கத்தால் வந்தால் மேலே பாயும், இடப்பக்கத்தால் வந்தால் கீழே பாயும். எல்லை இல்லை. 0.99 ஐயும் 1.01 ஐயும் போட்டுப் பாருங்கள் தம்பி.