போன் அடித்தால் நெட் கட்டாகிறது: விடிஎஸ்எல் மோடம் வாங்கினால் 100 எம்பிபிஎஸ் வருமா?

கல்லிடைக்காரன்:
வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. வீட்டில் பழைய லேண்ட்லைன், அதிலேயே பிராட்பேண்ட். மோடம் 6 எம்பிபிஎஸ் காட்டுகிறது. போன் மணி அடித்தால் நெட் போய்விடும், திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை. மழை பிடித்தால் போனிலும் கரகர சத்தம். புகார் கொடுத்தால் "சரிசெய்யப்பட்டது" என்று மெசேஜ் மட்டும் வருகிறது, ஆள் வரக்காணோம்.

பெங்களூரில் இருக்கும் மச்சான், "விடிஎஸ்எல் மோடம் வாங்கிப் போடுங்க, இதே வயரில் 100 வரும், நாளைக்கு ஜி.ஃபாஸ்ட் வந்தால் 1 ஜிபி" என்கிறார். இரண்டும் பழைய போன் வயரிலேயே வேகமாக நெட் தரும் முறைகளாம். வாங்கலாமா? ஃபைபருக்கு மாறலாம்தான். ஆனால் சொந்தக்காரங்க எல்லாரிடமும் ஆச்சியின் இந்த நம்பர்தான் இருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசணும் என்கிறாள்.

மோடத்தின் செட்டிங் பக்கத்தில் (192.168.1.1) பார்த்தது: ஏடிஎஸ்எல்2+ (இப்போது ஓடும் பிராட்பேண்ட் முறை), லைன் அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் தேயும் அளவு) 41, எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) 5.

வண்ணாரப்பேட்டை:
ஃபைபர் போடுங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது.

பழைய லைன்மேன்:
தம்பி, மோடம் வாங்காதீங்க. 41 டெசிபெல் என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்க வீட்டுக்குக் கேபிள் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ரோட்டில் நடந்தால் பக்கமாக இருக்கும், கேபிள் பில்லரை (தெருவோரக் கேபிள் பெட்டியை)ச் சுற்றித்தானே வரும். அந்தத் தூரத்தில் விடிஎஸ்எல் ஒன்றும் கிழிக்காது. ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினாலே அதற்கும் ஏடிஎஸ்எல்லுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதிலும் எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருக்கிற கார்டு ஏடிஎஸ்எல் என்றால் நீங்க எந்த மோடம் மாட்டினாலும் அது ஏடிஎஸ்எல்லாகத்தான் ஓடும்.

போன் அடித்தால் கட்டாவது வேறு கதை. மணி அடிக்க லைனில் 75 வோல்ட் வரை ஏசி வரும். ரிசீவரை எடுத்தால் லைனின் மின்தடையே மாறிவிடும். நடுவில் ஸ்பிளிட்டர் (போன் சிக்னலையும் நெட் சிக்னலையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) இல்லாவிட்டால் இரண்டும் மோடத்தைத் தாக்கும். உங்க வீட்டில் ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் போன் தொங்குகிறது என்று நினைக்கிறேன். தெருவிலிருந்து வயர் வந்து முதலில் சேரும் ரோசட் பாக்ஸைத் திறங்க. உள்ளே போகிற மற்ற வயரையெல்லாம் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் அங்கேயே மாட்டிப் பாருங்க. மார்ஜின் ஏறினால் கோளாறு வீட்டுக்குள். ஏறாவிட்டால் தெருவில். லைனில் எப்போதும் 48 வோல்ட் இருக்கும், ஈரக்கையோடு தொடவேண்டாம். இடி மின்னல் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீங்க.

கல்லிடைக்காரன்:
நீங்க சொன்னது சரி. அடுக்களைப் பக்கம் ஆச்சிக்காக எப்பவோ இழுத்த வயர், நேரே ரோசட்டிலிருந்து போகிறது. ஸ்பிளிட்டர் முன்னறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ரோசட்டைத் திறந்தால் இரண்டு திருகிலும் பச்சையாகக் களிம்பு, ஒரு வயர் நுனி கருத்துப்போய் தொட்டதும் ஒடிந்துவிட்டது. சுரண்டி, புது நுனி சீவி மாட்டினேன். மார்ஜின் 11 வந்துவிட்டது! அப்புறம் அடுக்களை வயரை ஸ்பிளிட்டரின் போன் பக்கம் மாற்றிக் கொடுத்தேன். இப்போது மணி அடித்தாலும் நெட் கட்டாவதில்லை. வேகம் 8.

மழைக் கரகரப்பு போகுமா என்று மழை வந்தால்தான் தெரியும்.

பழைய லைன்மேன்:
போகாது, பாதி போகலாம். தெருவில் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணி புகுந்திருந்தால் காப்பு கெட்டு ஒரு கம்பி மண்ணோடு கசியும். ஈரம் புகாமலிருக்க ஜெல்லி அடைத்த கேபிளானாலும் ஜாயின்ட்டை ஒழுங்காக மூடாவிட்டால் அவ்வளவுதான். ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு எல்லா ஜாயின்ட்டையும் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? புகாரில் "நெட் ஸ்லோ" என்று எழுதாதீங்க. "போனில் இரைச்சல், பேச முடியவில்லை" என்று எழுதுங்க. அதற்கு வயர் பார்க்கிற ஆளைத்தான் அனுப்பியாகணும்.

பாளை நெட்வொர்க்:
மச்சான் சொன்ன ஜி.ஃபாஸ்ட் பொய் இல்லை. 2014-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ அங்கீகரித்தது. ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது, ஜி.ஃபாஸ்ட் 106 வரை, பின்னால் 212 வரை. அலைவரிசை ஏற ஏறச் செம்பில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் அந்த 1 ஜிபி எல்லாம் 100 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான். அதாவது தெருமுனை வரை ஃபைபர் கொண்டுவந்து, கடைசித் துண்டை மட்டும் பழைய செம்பில் ஓட்டவேண்டும். பிரிட்டனில் போன் வயர் வலையமைப்பை நடத்தும் ஓப்பன்ரீச் அப்படித்தான் 330 எம்பிபிஎஸ் வரை கொடுத்தது. பெல் லேப்ஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2014-இல் ஆய்வகத்தில் 10 ஜிபி காட்டியது. இரண்டு ஜோடி வயர், நீளம் 30 மீட்டர்!

இன்னொரு தலைவலி கிராஸ்டாக். ஒரே கேபிளில் போகும் ஜோடிகள், திண்ணைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்பதுபோல ஒன்றின் சத்தத்தை ஒன்று வாங்கும். வெக்டரிங் என்ற நுட்பம் அதை அளந்து எதிர்ச் சத்தம் போட்டு அடக்கும். ஆனால் கேபிளில் இருக்கும் எல்லா ஜோடியும் ஒரே கருவியின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

தெருமுனை வரை ஃபைபர் இழுத்து, அங்கே கரண்ட் கொடுத்து ஒரு பெட்டியும் வைப்பவன் இன்னும் 50 மீட்டர் இழுத்து வீட்டுக்குள் விட்டுவிடுவான். சுவரை உடைக்க விடாத பழைய அடுக்குமாடிகளுக்கு ஜி.ஃபாஸ்ட் சரி. நம்ம ஊரில் கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் ஃபைபரைத் தொங்கவிட்டு ஓட்டின் இடுக்கு வழியே உள்ளே விடுகிறார், இங்கே அதற்கு என்ன வேலை? ஓப்பன்ரீச்சே 2023 செப்டம்பரோடு புதுச் செம்பு போன் இணைப்பு விற்பதை நிறுத்திவிட்டது. செம்புக்கு எதிர்காலம் இருக்கிறது என்று நம்பி நான் பத்துக் காசு போடமாட்டேன்.

ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) ஃபைபரில் 2.5 ஜிபியை 32 வீடோ 64 வீடோ பங்குபோட்டாலும் உங்க 8-ஐவிட எவ்வளவோ மேல். கண்ணாடி இழையில் மின்னலும் ஏறாது.

கல்லிடைக்காரன்:
சரி, மோடம் வாங்கவில்லை. ஆனால் ஆச்சி விஷயம்? ஃபைபரில் கரண்ட் போனால் போன் செத்துவிடுமாமே.

பாளை நெட்வொர்க்:
ஆமாம். செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே கரண்ட் கொடுத்துவிடும், ஃபைபரில் ஓஎன்டி பெட்டி (ஃபைபருக்கான மோடம்) வீட்டுக் கரண்ட்டில் ஓடுகிறது. பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர்தான். ரௌட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதே அளவில் வாங்குங்க.

பழைய லைன்மேன்:
நம்பரை மறந்துவிடாதீங்க தம்பி. மொபைல்போல லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக நம் நாட்டில் வழியில்லை. இப்போது லைன் கொடுத்திருக்கிறவர்களே உங்க தெருவில் ஃபைபர் கொடுக்கிறார்களா, அதே நம்பரை அதில் போடுவார்களா என்று கேளுங்க. ஆமாம் என்றால் விண்ணப்பத்தில் நம்பரை எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்க. இல்லை என்றால் நெட்டுக்குக் கேபிள்காரர் ஃபைபர், ஆச்சிக்கு இதே செம்பு, பேச்சு மட்டும் பிளானுக்கு இறக்கிவிடுங்க. எதுவானாலும் புது லைனில் ஆச்சி ஒரு வாரம் பேசிப் பார்த்த பிறகு பழையதைச் சரண்டர் பண்ணுங்க.

கல்லிடைக்காரன்:
தெருவில் அவர்கள் ஃபைபர் கம்பம் வரை வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஆபீசில் கேட்கிறேன். மச்சானுக்கு இந்த உரையாடலை அனுப்பிவிட்டேன், படித்துவிட்டான், பதில் வரவில்லை.