பன்னாட்டு வணிக மேலாண்மை: தனிப் பட்டப்படிப்பாகப் படிக்கலாமா, பொது மேலாண்மையே போதுமா?

கேட்டவர்: வாசல்படி

அனைவருக்கும் வணக்கம். பள்ளி இறுதி ஆண்டை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருக்கிறேன். பன்னாட்டு வணிக மேலாண்மையில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்பது ஓராண்டுக்கும் மேலாக என் விருப்பம். ஆனால் இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் படித்தபோது குழப்பமே மிஞ்சியது. முதல் ஆண்டில் கணக்கியல், சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை, நுண்பொருளியல், புள்ளியியல் ஆகிய பாடங்கள் இருக்கின்றன. பொது வணிக மேலாண்மைப் படிப்பிலும் இவை அப்படியே இருக்கின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்துதான் 'பன்னாட்டு' என்னும் அடைமொழி ஒவ்வொரு பாடத்தின் முன்னாலும் வந்து சேர்கிறது: பன்னாட்டுச் சந்தைப்படுத்தல், பன்னாட்டு நிதி, பன்னாட்டு மனிதவளம். அடைமொழி மட்டுமே கூடுகிறதா, உள்ளே இருக்கும் பொருளும் மாறுகிறதா என்பது எனக்கு விளங்கவில்லை.

என் உறவினர் ஒருவர், இது எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் படிப்பு, எதிலும் ஆழம் இராது, எனவே பொருளியலோ கணக்கியலோ எடுத்துக்கொள் என்கிறார். அவர் என் நலன் கருதியே சொல்கிறார் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இந்தத் துறையில் படித்தவர்களும் பணியாற்றுபவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். குறிப்பாக, நாடுகளுக்கு இடையிலான வணிகம் என்று வந்துவிட்டால் உள்நாட்டு வணிகத்தில் இல்லாத எது புதிதாகக் கற்க வேண்டியதாகிறது என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: சரக்குமேசை

பதினெட்டு ஆண்டுகளாக ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். உள்ளே இருக்கும் பொருள் நிச்சயமாக மாறுகிறது. எங்கே மாறுகிறது என்பதற்கு என் மேசையில் நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒருவர், நல்ல மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றவர், சி.ஐ.எஃப். விதிமுறையில், அதாவது பொருளின் விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்த்து, விற்ற சரக்கு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். வழியில் கடல்நீர் புகுந்து சரக்கின் ஒரு பகுதி கெட்டுவிட்டது. கப்பல் கட்டணமும் காப்பீடும் நாமே செலுத்தியிருப்பதால் சேரும் துறைமுகம் வரை பொறுப்பும் நம்முடையதுதான் என்று அவர் எண்ணி, மாற்றுச் சரக்கு அனுப்புவதாக வாங்குபவருக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டார். உண்மையில் சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் சேரும் துறைமுகம் வரையிலான செலவை ஏற்கிறாரே தவிர, சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறிய அந்த நேரத்திலேயே இழப்புப் பொறுப்பு வாங்குபவரிடம் போய்விடுகிறது. செலவு ஓரிடத்தில் முடிவதும் பொறுப்பு வேறோரிடத்தில் மாறுவதும் உள்நாட்டு வணிகத்தில் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத செய்தி. அதோடு, சி.ஐ.எஃப். விதிமுறை விற்பவரிடம் கேட்பது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே. அந்தக் குறைந்தபட்ச வகையில் கடல்நீர் புகுவது அடங்காது. கூடுதல் காப்பீடு வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் அவசரத்தில் எழுதிய வாக்குறுதியால், எங்கள் மேல் இல்லாத பொறுப்பை எங்கள் மேலேயே ஏற்றிக்கொண்டோம். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

இந்த விதிமுறைகளைத்தான் இன்கோடெர்ம்ஸ் என்கிறோம். பன்னாட்டு வணிகக் கழகம் 1936-இல் முதன்முதலில் வெளியிட்டது; இப்போது நடைமுறையில் இருக்கும் 2020 பதிப்பில் 11 விதிமுறைகள் இருக்கின்றன. இதுபோலவே எல்.சி. எனப்படும் வங்கிக் கடன் உறுதிக் கடிதம். ஒருவரையொருவர் பார்த்தே இராத இருவர் வணிகம் செய்வதற்கு வங்கி நடுவில் நின்று தரும் உறுதி அது. அதற்கான யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது என்பது அதன் அடிப்படை. சரக்கு எவ்வளவு தரமாக இருந்தாலும், கப்பல் ரசீதில் உள்ள விவரம் எல்.சி.யில் கேட்டதோடு முரண்பட்டால் பணம் நின்றுவிடும். ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாட்கள். அந்த ஐந்து நாட்களும் எங்கள் பிரிவில் யாருக்கும் நிம்மதி இராது.

ஒவ்வொரு பொருள் வகைக்கும் தரப்படும் எண்ணான சுங்கக் குறியீடும் அப்படித்தான். உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே குறியீட்டு முறையைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் எங்கும் ஒன்றே, அதற்குப் பின் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. ஓர் இலக்கம் தவறினால் வரி விகிதமே மாறிவிடும்.

ஆகவே, பாடத்தின் பெயரைப் பார்க்காமல், அதற்குள் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வணிக விதிமுறைகள், கட்டண முறைகள், சுங்கம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு ஒரு முழுப் பருவத்தையாவது ஒதுக்கும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2: வகுப்பறை

இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் ஒரு சொல். மேலே எழுதியவரின் அனுபவத்தை மிகவும் மதிக்கிறேன். எனினும் அவருடைய முடிவோடு முழுமையாக உடன்பட இயலவில்லை. இன்கோடெர்ம்ஸின் 2010 பதிப்பின் இடத்தை 2020 பதிப்பு பிடித்ததுபோல விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை வேலையில் சேர்ந்த பின்னும் கற்கலாம். ஒரு நிறுவனம் ஏன் எல்லை கடக்கிறது, கடந்த பின் ஏன் வெல்கிறது அல்லது தோற்கிறது என்பதைச் சிந்திக்கும் பழக்கத்தை வேலை இடத்தில் யாரும் அமர்ந்து சொல்லித் தரமாட்டார்கள்.

பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் துணியையும் திராட்சை மதுவையும் வைத்து ஒரு கணக்குச் சொன்னார். இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் போர்ச்சுகல் செய்ய முடிந்தாலும், ஒப்பீட்டளவில் தனக்கு மிகச் சாதகமானதில் மட்டும் ஒவ்வொரு நாடும் கவனம் செலுத்திப் பண்டமாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம் என்பதே அது. அழகான கணக்கு. ஆனால் அதில் நாடுகள் இருக்கின்றனவே தவிர நிறுவனம் என்ற ஒன்று இல்லை. ஏற்றுமதி செய்தாலே போதும் என்னும்போது, ஒரு நிறுவனம் ஏன் வேற்று நாட்டில் ஆலை கட்டி, அங்குள்ள சட்டமும் மொழியும் அறியாத குறைகளோடு உள்ளூர்ப் போட்டியாளர்களை எதிர்கொள்ள வேண்டும்? பொருளியலாளர் ஸ்டீபன் ஹைமர் 1960-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இக்கேள்வியை எடுத்துக்கொண்ட பிறகுதான், பன்னாட்டு நிறுவனம் தனி ஆய்வுப்பொருளாக உருவெடுத்தது. பின்னர் ஜான் டன்னிங் என்னும் பொருளியலாளர் அதற்கு மூன்று காரணங்களை ஒன்றிணைத்து விடை சொன்னார். பிறரிடம் இல்லாத ஓர் உடைமை, குறிப்பிட்ட இடத்தால் கிடைக்கும் நன்மை, அந்த உடைமையை வேறொருவருக்கு உரிமம் கொடுப்பதைவிடத் தானே பயன்படுத்துவதில் உள்ள ஆதாயம் ஆகியவையே அவை. இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எந்த நிறுவனத்தின் வெளிநாட்டு முதலீட்டுச் செய்தியைப் படித்தாலும், அது எதை நம்பி இறங்குகிறது, எது அதனிடம் இல்லை என்பது தெரியத் தொடங்கும்.

அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட் 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்து 2006-இல் வெளியேறியதை, காரணங்களை ஆராய்ந்து எழுதும்படி என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் கொடுப்பேன். பெரும்பாலோர் முதலில் எழுதுவது, பணியாளர்கள் வாடிக்கையாளர்களை வலிந்து வரவேற்றது அங்கு எடுபடவில்லை என்பதைத்தான். அதைத் தாண்டித் தோண்டினால்தான் குறைந்த விலை என்னும் அதே வலிமையை ஏற்கெனவே கொண்டிருந்த உள்ளூர்க் கடைத்தொடர்கள், அடக்கவிலைக்குக் கீழே விற்பதற்குச் சட்டம் விதித்த கட்டுப்பாடு, தொழிற்சங்கங்களின் இடம் ஆகியவை வெளிப்படும். தாயகத்தில் வெற்றி தந்த உடைமை அங்கே அரிதான ஒன்றாக இருக்கவில்லை. பண்பாடு என்று ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடும் சோம்பலை உடைப்பதே இந்தப் பாடத்தின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

அதே காரணத்தால், நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட ஹாஃப்ஸ்டெட் என்னும் ஆய்வாளர் வகுத்த பண்பாட்டு அளவீடுகளைக் கற்கும்போதும் விழிப்பாக இருங்கள். ஐ.பி.எம். என்னும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம், 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்தாய்வின் மேல் எழுந்த கட்டடம் அது. நாடுகளின் சராசரியைப் பற்றிச் சொல்லும் எண்ணை எதிரே அமர்ந்திருக்கும் தனி மனிதருக்குப் பொருத்துவது அடிப்படைப் பிழை. அதை விமர்சனத்தோடு கற்பிக்கிறார்களா, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களா என்பதைக் கொண்டே ஒரு துறையின் தரத்தை ஓரளவு கணிக்கலாம்.

உங்கள் உறவினரின் அச்சம் அடிப்படையற்றதன்று. மேலோட்டமாகக் கற்பிக்கும் இடங்களும் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் புள்ளியியல் ஒரு பருவத்தோடு நின்றுவிடுகிறதா, இறுதி ஆண்டில் தனி ஆய்வுக்கட்டுரை கட்டாயமா என்று பாருங்கள்.

கேட்டவர்: வாசல்படி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சி.ஐ.எஃப். பற்றிய செய்தியை இரண்டு முறை படித்த பிறகே செலவும் பொறுப்பும் வெவ்வேறு என்பது புரிந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கணிதத்தில் நான் நடுத்தரமான மாணவன். பன்னாட்டு நிதி என்னும் பாடம் என்னால் இயலுமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் பயிலும் வாய்ப்பு இருந்தால் அதற்காக ஒரு மொழியை இப்போதே தொடங்க வேண்டுமா?

பதில் 3: இருகரை

மூன்றாண்டுகளுக்கு முன் இதே பட்டத்தை முடித்தேன். இப்போது ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் அந்நியச் செலாவணியைக் கவனித்து வருகிறேன். பள்ளியில் நானும் கணிதத்தில் நடுத்தரம்தான்.

பன்னாட்டு நிதியில் அச்சுறுத்துவது கணக்கு அன்று, காலம். 94 ரூபாய் அடக்கமுள்ள பொருளை அன்றைய மாற்று விகிதத்தில் 100 ரூபாய்க்குச் சமமான டாலருக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் 90 நாட்கள் கழித்து வரும். அதற்குள் டாலரின் மதிப்பு 4 சதவீதம் இறங்கினால் கையில் வருவது 96. 6 ரூபாய் ஆதாயம் 2 ரூபாயாகிவிட்டது. பொருளில் குறையில்லை, வாங்கியவர் ஏமாற்றவில்லை, ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதாயம் போய்விட்டது. இதைத் தடுக்க இன்றே ஒரு விகிதத்தை வங்கியோடு முடிவுசெய்துகொள்ளும் முன்னோக்கு ஒப்பந்தம், அதன் செலவு, வாங்குபவர் தாமதித்தால் அந்த ஒப்பந்தமே சுமையாகும் நிலை ஆகியவைதான் பாடம். கழித்தலும் சதவீதமும் தெரிந்தவர் தொடங்கிவிடலாம். பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

அரிய நிகழ்வு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்னும் எல்லையைச் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 முதல் காத்து வந்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பின்றி அதைக் கைவிட்டபோது, பிராங்கின் மதிப்பு சில நிமிடங்களிலேயே தாவி உயர்ந்தது. யூரோவில் விலை சொல்லிவிட்டு பிராங்கில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த ஏற்றுமதியாளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். எங்கள் பேராசிரியர் அந்த ஒரு நாளை வைத்து இரண்டு வாரம் வகுப்பு நடத்தினார். பட்டப்படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டவை அந்த இரண்டு வாரங்களே.

மொழியை இப்போதே தொடங்குங்கள். ஒரே மொழியை மூன்று ஆண்டும் விடாமல் படிப்பது, இரண்டு மொழிகளில் வணக்கம் சொல்லக் கற்பதைவிடப் பல மடங்கு மேல். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்திற்கே பரிமாற்றப் பருவத்திற்குப் போனாலும், வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை, பகுதிநேர வேலை எல்லாம் அந்த நாட்டின் மொழியில்தான் இருக்கும். போவதற்கு முன் ஒன்றை மட்டும் எழுத்து மூலமாக உறுதிசெய்துகொள்ளுங்கள்: அங்கு முடிக்கும் ஒவ்வொரு பாடத்திற்கும் உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தின் மதிப்புப்புள்ளியை ஈடாகத் தரும் என்பது. நான் வாய்மொழி உறுதியை நம்பிச் சென்றேன். திரும்பிய பின் இரண்டு பாடங்கள் ஏற்கப்படவில்லை; இறுதி ஆண்டில் அவற்றைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

பதில் 4: சரக்குமேசை

பேராசிரியர் சொன்னதைப் படித்தேன். விதிகள் மாறும் என்பது சரியே. ஆனால் 2020 பதிப்பில் எது மாறியது என்பதைப் பழைய பதிப்பை அறிந்தவரால்தான் சட்டென்று பிடிக்க முடிந்தது. அடித்தளம் இல்லாமல் வேலையில் கற்கலாம் என்று விட்டால் முதல் பாடம் நிறுவனத்தின் செலவில்தான் நடக்கும், எங்கள் அலுவலகத்தில் நடந்தது போல.

வாசல்படி தம்பிக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டு விடுமுறையில் சரக்கு அனுப்பும் முகவர் அலுவலகம் ஒன்றில் ஆறு வாரங்கள் பயிற்சிக்குச் சேர முயலுங்கள். அங்கே ஒரே ஒரு ஏற்றுமதியின் கோப்பை, விலைப்பட்டியல் முதல் பணம் வந்து சேரும் நாள் வரை, தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து பாருங்கள். பேராசிரியர் குறிப்பிட்ட இறுதி ஆண்டுக் கட்டுரைக்கான கேள்வி அந்தக் கோப்பிலேயே கிடைக்கக்கூடும்.