இருங்காட்டுக்கோட்டைக்கும் வேளச்சேரிக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

வணக்கம். என் காரின் முன்பிரேக் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தாக்குப்பிடிப்பதில்லை. அங்கே தாங்கும்படி மாற்றினால் நகரச் சாலைக்கு ஒத்துவரவில்லை. இரண்டுக்கும் என்னிடம் இருப்பது இந்த ஒரே கார்தான்.

2017 போலோ ஜிடிஐ, 1.8 லிட்டர் டர்போ. எஞ்சினைத் தொடவில்லை. ஸ்பிரிங்கும், பிடிப்பு அதிகமுள்ள டயரும் மட்டுமே புதியவை. டிஸ்க், காலிப்பர் எல்லாம் காரோடு வந்தவை.

சென்ற ஆண்டு இறுதியில் தொடங்கியது. சில சுற்றுகள் வேகமாக ஓட்டியதும் பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கும். ஆறிய பின் ஓரளவு மீளும். பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று டாட் 4-ஐ எடுத்துவிட்டு டாட் 5.1 ஊற்றிக் காற்றையும் முழுமையாக வெளியேற்றினேன். புதிதாக இருக்கும்போது அவற்றின் குறைந்தபட்சக் கொதிநிலை 230, 260 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்தால் 155, 180 என்று விழுந்துவிடும். நம் கடற்காற்றில் இது சிறிய விஷயமன்று. இப்போது பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனாலும் நிற்கும் தூரம் நீள்கிறது. அப்படியானால் சூட்டில் பிடிப்பை இழப்பது பேட்தான்.

தடத்துக்கான பேட் போட்டேன். அங்கே அருமையாக நிற்கிறது! வேளச்சேரி நெரிசலிலோ ஓயாமல் கிறீச்சிடுகிறது. காலையில் ஆறிக் கிடக்கும்போது முதல் அழுத்தத்தில் பிடிப்பே இல்லை. என் மனைவியும் ஓட்டும் கார், இதை அப்படியே விட முடியாது.

தடத்திலும் ஓட்டி, தினமும் அலுவலகத்துக்கும் அதே காரில் போகிறவர்களைக் கேட்கிறேன்: முன்பிரேக்கைக் குளிர்விக்கக் காற்றுக் குழாய் வைத்து, இடைத்தரமான ஒரே பேட்டில் சமாளிக்க முடிகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் பேட்டை மாற்றுவதுதான் வழியா?