சண்டையே இல்லாத சூப்பர் ஹீரோ காமிக்ஸை எப்படி ரசிப்பது?

பாம்பன் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். நான்காம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகளுக்கு உறவினர் ஒருவர் ‘டைனி டைட்டன்ஸ்’ ஆங்கிலத் தொகுப்பைப் பரிசளித்திருக்கிறார். டிசி காமிக்ஸின் சூப்பர் ஹீரோக்களான ராபின், ரேவன், சைபார்க் முதலானோரைப் பள்ளிச் சிறுவர்களாக்கி, ஆர்ட் பால்டசாரும் பிராங்கோவும் 2008 முதல் 2012 வரை 50 இதழ்களில் படைத்த தொடர் அது. இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த எனக்கு, ஆபத்தோ துரத்தலோ இல்லாத இந்தப் பக்கங்களில் கதை எங்கே இருக்கிறதென்றே பிடிபடவில்லை. அவளோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மூலக் கதைகளை அறியாத பிள்ளைக்கு இதில் என்ன சுவை? நானும் அவளோடு சேர்ந்து ரசிக்க வழி உண்டா?

கீழக்கரை நண்பன்:
அக்கா, மூலக் கதை தெரிந்தால் சுவை கூடும், தெரியாவிட்டாலும் குறையொன்றுமில்லை. கொடிய கூலிப்படை வீரனான ஸ்லேடு அங்கே தலைமை ஆசிரியர். அண்டத்தையே அடிமைப்படுத்தத் துடிக்கும் டார்க்சைடு, மதிய உணவுக் கூடத்தில் கரண்டி பிடிப்பவர். ரேவனின் தந்தையான அசுரன் டிரைகானோ, மாற்று ஆசிரியராக அவளுடைய வகுப்புக்கே வந்து நிற்கிறார். இவர்களின் பழைய அட்டூழியங்களை அறிந்த நாம் அந்த முரணுக்குச் சிரிக்கிறோம் என்றால், தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நிற்கும் நடுக்கத்தையும், சொந்த அப்பாவே வகுப்பெடுக்க வந்தால் வரும் கூச்சத்தையும் அறிந்த பிள்ளை தன் பள்ளியையே அங்கே கண்டு சிரிக்கிறது. பீஸ்ட் பாயைக் கவனியுங்கள்: நினைத்த விலங்காக மாறக்கூடிய அவனுக்கு டெர்ரா என்ற சிறுமியின் நட்பு மட்டும் வாய்ப்பதில்லை, அவள் கல்லைத்தான் எறிகிறாள். எந்தச் சக்தியாலும் தீராத இத்தகைய சின்னச் சிக்கல்கள்தாம் இங்கே கதை. என்னைக் கேட்டால், வில்லனை வீழ்த்தும் கதையைவிட இதை எழுதுவதே கடினம்.

மண்டபம் ஆசிரியை:
நண்பர் சொல்வதை ஏற்கிறேன். அமெரிக்க காமிக்ஸ் உலகின் உயரிய விருதான ஐஸ்னர் விருதை, சிறுவர் இதழுக்கான பிரிவில், 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் இத்தொடர் பெற்றதும் தகுதியால்தான். ஆனாலும் ஒரே அமர்வில் முழுத் தொகுப்பையும் படித்தால் சலிப்புத் தட்டும். நாளுக்கு இரண்டு மூன்று குறுங்கதைகள் போதும். வரிக்கு வரி தமிழாக்கிச் சொல்லாமல், முதலில் படங்களை மட்டும் காட்டி அவளையே கதை சொல்ல விடுங்கள். அக்வாலாட் என்ற சிறுவனின் செல்ல மீன் வரும் பக்கத்தைக் காட்டியபோது, எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் அது நகரை மீனா பாறை மீனா என்று வாதிட்டுவிட்டு, அதன் பிறகே பேச்சுக் குமிழைப் படிக்க முனைந்தார்கள்.

பாம்பன் வாசகி:
மிக்க நன்றி. இன்றிரவு மதிய உணவுக் கூடம் வரும் பக்கங்களிலிருந்து தொடங்குகிறோம். கதை சொல்லும் பொறுப்பை அவளிடமே விடுகிறேன்.