படிவம் 1 தமிழ் வகுப்பு: பெயர் சேர்ந்தால்தான் ஆசிரியர் வருவார்

அன்புள்ள சுங்கை சிப்புட் உறவுகளுக்கு வணக்கம்.

ஊர் இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்காகச் சங்க நிதியைக் கணினிக்கும் பரிசளிப்புக்கும் செலவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்பாக, தமிழ் வகுப்பில் சேரும் மாணவர் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1 தொடங்குகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமன்று. ஆனால் மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளியில் பயிலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசிய இடைநிலைப்பள்ளி தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கு விதிக்கப்பட்டுள்ள, நடைமுறைக்கு இயலுமாயின் என்ற நிபந்தனை தமிழுக்கும் சீனத்துக்கும் இல்லை. அந்த 15 பேரும் ஒரே படிவத்தில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. பள்ளி மாணவர்கள் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே, மலாய் மொழித் தேர்ச்சி போதாமல், படிவம் 1க்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அந்தக் கோரிக்கையில் கையெழுத்திடலாம் என்றே நான் கருதுகிறேன். தங்கள் பிள்ளையின் படிவத்தில் ஐந்தாறு தமிழ் மாணவர்கள்தாம் இருக்கிறார்கள் என்று எண்ணி, கேட்காமலேயே விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அன்று ஆங்கிலேயர் ஆட்சியில், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி அமைக்கும் பொறுப்பை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. இன்று கேட்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது.

ஆசிரியர் நியமனமும் இந்தக் கையெழுத்துகளைப் பின்தொடர்ந்தே வருகிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று பட்டம் பெறும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்பே இல்லாத பள்ளிக்கு அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பெறத் தலைமையாசிரியரிடம் என்ன ஆதாரம் இருக்கும்? இருக்கும் தமிழாசிரியர் ஓய்வுபெற்று அவருடைய இடம் நிரப்பப்படாமல் போனால், அடுத்த ஆண்டு பெயர் கொடுப்போர் மேலும் குறைவார்கள். அப்படிக் குறைந்த எண்ணிக்கையே பிறகு ஆசிரியர் தேவையில்லை என்பதற்குக் காரணமாகிவிடும்.

வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்குமானால் இன்னொரு தடையும் உண்டு. பள்ளிப் பேருந்து போய்விட்டபின், செம்பனைத் தோட்டங்களுக்குள் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் வீடு திரும்ப வழியில்லாமல் வகுப்பிலிருந்து விலகுகிறார்கள். தமிழை விடாமல் படிக்க வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகளும் இவர்களில் உண்டு என்பதால், சங்க நிதி முதலில் இவர்களின் வேன் கட்டணத்துக்கே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படிவம் 1 பதிவுக்கு முன்பே நாம் ஒவ்வொருவரும் ஊரிலுள்ள அண்ணன், அக்காள் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவோம். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய கடிதத்தை நல்ல மலாயில் எழுதித் தரக்கூடியவரும், ஈப்போவிலிருந்து நேரில் சென்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரைச் சந்திக்கக்கூடியவரும் இம்மடலுக்குப் பதில் எழுதுங்கள்.